கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவ வரலாறு – 9: புழுங்கல் அரிசியும் எலியின் தலாமஸும்

1905 டிசம்பர் 5. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்த அத்தனை பேரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தினார்கள். மொத்தம் 59 பேர். இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு போனார்கள். ஒற்றைப்படை எண் விழுந்த 30 பேர் முற்றத்துக்குக் கிழக்கே இருந்த கட்டடத்துக்குப் போனார்கள். இரட்டைப்படை எண் விழுந்த 29 பேர் மேற்கே இருந்த கட்டடத்துக்கு. இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரிக் கட்டடங்கள், உயர்ந்த மதிலுக்குள் எதிரெதிரே நின்றவை. அரிசி ஒன்றைத் தவிர மற்ற சாப்பாடெல்லாம் இரு பக்கமும் ஒன்றே. கிழக்கில் இருந்தவர்களுக்கு அதுவரை போட்டுவந்த சயாம் வெள்ளைப் பச்சரிசி. மேற்கில் இருந்தவர்களுக்கு வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த புழுங்கல் அரிசி. பிறகு புதிதாக வந்து சேர்ந்தவர்களையும் ஒருவரை இங்கே, அடுத்தவரை அங்கே என்று மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஓராண்டு கழிந்து கணக்குப் பார்த்தபோது பச்சரிசிப் பக்கம் இருந்தவர்கள் 120 பேர். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பெரிபெரி பிடித்திருந்தது, 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கல் பக்கம் 123 பேர். அங்கே இரண்டே பேருக்குத்தான் நோய், அந்த இருவரும் நோயோடுதான் விடுதிக்குள் வந்தவர்கள். பெரிபெரியால் அந்தப் பக்கம் ஓர் உயிரும் போகவில்லை. இடையில் இரு கூட்டத்தாரையும் கட்டடம் மாற்றியும் பார்த்தார்கள். நோய் பழைய கட்டடத்தில் தங்கிவிடவில்லை. பச்சரிசி சாப்பிட்டவர்கள் எங்கே போனார்களோ அங்கே அதுவும் போனது.

இந்தச் சோதனையை நடத்தியவர் வில்லியம் ஃபிளெட்சர் என்ற அரசாங்க மருத்துவர். 1907இல் லண்டனின் லான்செட் இதழில் இதைப் பற்றி எழுதினார். ஒரு கூட்டத்துக்கு ஒன்று, இன்னொரு கூட்டத்துக்கு வேறொன்று கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் மருத்துவச் சோதனைகளின் தொடக்ககால உதாரணங்களில் ஒன்றாக இதை இன்றும் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். சொல்லித்தர வேண்டியதுதான். அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனநோயாளியிடமும் கைதியிடமும் சம்மதம் கேட்கும் வழக்கம் அன்று இல்லை. கிழக்குப் பக்கம் ஒருவர் பின் ஒருவராகச் சாகும்போதும் பச்சரிசி நிறுத்தப்படவில்லை. அந்த 18 பேரின் மரணத்திலிருந்து நாம் கற்றது ஏராளம். ஆனால் அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன், மருத்துவத்துக்கு நன்றி சொல்வதோடு தீர்கிற கடன் இல்லை என்று நினைக்கிறேன்.

சென்ற இதழில் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்பு நிலத்தை வடியவைத்து மலேரியாவைக் கட்டுப்படுத்திய மால்கம் வாட்சனைப் பார்த்தோம். அதே ஆண்டுகளில் அதே ஊர்களைப் பெரிபெரியும் வாட்டிக்கொண்டிருந்தது. இந்த இதழில் அந்த நோயைப் பின்தொடர்ந்து சற்றுத் தொலைவு போகப்போகிறோம். கோலாலம்பூர் விடுதியில் தொடங்கி, சாங்கி போர்க்கைதிகள் முகாம் வழியாக, ஆய்வகத்து எலியின் மூளைக்குள் தலாமஸும் நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நரம்புப் பாதை வரைக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சிலாங்கூர், பேராக் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி கொத்துக்கொத்தாகக் கொன்றது. முதலில் கால் மரத்துப்போகும், பிறகு நடை தள்ளாடும். சிலருக்குக் காலும் வயிறும் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் நின்றுபோகும். கோலாலம்பூர் புடு சிறையிலும் அது புகுந்தது. காரணம் தெரியாமல் மருத்துவர்கள் திணறினார்கள். ஈரக்காற்று என்றார் ஒருவர், கிருமி என்றார் இன்னொருவர், கெட்டுப்போன மீன் என்றார் வேறொருவர்.

1900இல் பிரிட்டிஷ் நிர்வாகி ஃபிராங்க் சுவெட்டன்ஹாமின் முயற்சியால் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக் கூடம் பிறந்தது. ஜாலான் பஹாங்கில் பல ஆண்டுகள் இயங்கிய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் தொடக்கம் அதுதான். அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் புடு சிறைக் கைதிகளை வைத்து ஆராய்ந்து, பெரிபெரி ஒரு தொற்றுநோய், கிருமி வாய்வழியாக உள்ளே போகிறது என்று உறுதியாக எழுதினார். பாஸ்டர், கோக் இருவரின் புகழ் உச்சத்தில் இருந்த காலம் அது. எந்த நோயைப் பார்த்தாலும் கிருமியைத் தேடினார்கள். உடம்பில் ஏதோ ஒன்று இல்லாமல் போவதாலும் நோய் வரலாம் என்ற எண்ணமே அன்று மருத்துவத்தில் வேர்விட்டிருக்கவில்லை.

சிரம்பானில் இருந்த நெகிரி செம்பிலான் மாநில மருத்துவர் லியனார்டு பிராடன் சமையலறைப் பக்கம் திரும்பினார். ஒரே ஊர், ஒரே மழை, ஒரே கொசு. ஆனால் சீனத் தொழிலாளி சாகிறான், தமிழ்த் தொழிலாளிக்கு நோய் அண்டவில்லை, கம்பத்து மலாய்க்காரருக்கும் இல்லை. என்ன வேறுபாடு? சீனர் சாப்பிட்டது ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய சயாம், ரங்கூன் பச்சரிசி. மலாய்க்காரர் சொந்த நெல்லை அவ்வப்போது வீட்டில் குத்திச் சாப்பிட்டார். தமிழர் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. 1907இல் வெளியிட்ட தன் பெரிய நூலில் பிராடன் இதை விரிவாக வாதிட்டார். நாள்பட்ட வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்று அவர் நினைத்தது தவறு. நோய் அரிசி வழியாகத்தான் வருகிறது என்றது சரி.

நம் பாட்டன் பூட்டன் அரிசியின் நன்மை தெரிந்து அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பெருமையடித்துக்கொள்ள இதில் இடமில்லை. ரயில் பாதை போட வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியமர்ந்தவர்களும் கிள்ளானைச் சுற்றி ரப்பர்த் தோட்டத்து லயங்களில் இருந்தவர்களும் ஊரில் சாப்பிட்டதையே இங்கேயும் கேட்டார்கள். ஆள் வேண்டுமென்றால் அந்த அரிசியைத் தருவிக்க வேண்டும் என்பது நிர்வாகங்களுக்கும் தெரிந்திருந்தது. இன்றைக்குக் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் மளிகைக் கடை வாசலில் அடுக்கியிருக்கும் பொன்னி புழுங்கல் மூட்டை அந்தப் பழைய கப்பல் சரக்கின் வாரிசு. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் தமிழர்களை வாரிக்கொண்டு போன அந்த ஆண்டுகளில் இந்த ஒரு நோய் மட்டும் பெரிதாக நெருங்காமல் இருந்ததற்கு அந்த மூட்டைதான் காரணம்.

நெல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தயாமின் எனப்படும் பி1 வைட்டமின் அரிசியின் மேல் தவிட்டிலும் முளைக்கருவிலும்தான் பெரும்பாலும் இருக்கிறது. பச்சை நெல்லை ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு தயாமினும் போய்விடுகிறது. புழுக்கும்போது நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கிறோம். தண்ணீரில் கரையும் தயாமின் அப்போது தவிட்டிலிருந்து உள்ளே இறங்குகிறது. மாவுச்சத்து வெந்து இறுகும்போது அதற்குள்ளேயே பிடித்துக்கொள்கிறது. பிறகு எத்தனை தீட்டினாலும் ஒரு நல்ல பங்கு அரிசியில் மிஞ்சும்.

ஃபிளெட்சருக்குப் பிறகு அதே கோலாலம்பூர் ஆய்வுக் கூடத்தின் ஹென்றி ஃபிரேசரும் ஏ.டி. ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானின் டுரியான் தீப்புஸ் காட்டில் சாலை போட்ட ஜாவா தொழிலாளர்கள் சுமார் 300 பேரை இரு அணியாக்கி அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். வெள்ளை அரிசி அணியில் பெரிபெரி வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் அணி மாறியது. அதற்கும் மேலே ஒரு படி போனார்கள். வெள்ளை அரிசி தின்று கால் முடங்கிய கோழிகளுக்குத் தவிட்டைக் கொடுத்துக் காப்பாற்றிக் காட்டினார்கள். அப்படியானால் அரிசியில் நஞ்சு இல்லை, தவிட்டில் இருக்கும் ஏதோ ஒன்று இல்லாததுதான் குறை. பத்தாவியாவில் எய்க்மான், கிரைன்ஸ் என்ற டச்சு மருத்துவர்கள் கோழிகளை வைத்து முன்பே அந்த வழியில் வந்திருந்தார்கள். 1910இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு மருத்துவ மாநாடு தீட்டிய அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள உறவை ஏற்றுக்கொண்டது. 1926இல் பத்தாவியாவில் ஜான்சனும் டோனத்தும் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிராடன், ஃபிளெட்சர், ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற பெயர்கள் மருத்துவ வரலாறு படிப்பவர்களைத் தாண்டிப் பரவவில்லை. சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் உரிய இடத்தை வரலாறு இன்னும் முழுதாகத் தரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் குன்னூரின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் ராபர்ட் மக்கரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஹைதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அந்த அறையிலிருந்து வளர்ந்ததுதான். சென்னை மாகாணத்தில் பெரிபெரி பச்சரிசி சாப்பிடும் வடசர்க்கார் கடலோரத்தில் இருந்தது, புழுங்கல் சாப்பிடும் தமிழ் மாவட்டங்களில் காணவில்லை. ஆனால் அதே மக்கரிசன் இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாடுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தபோது சீக்கியர் உணவு தின்ற எலிகள் முதலிடத்திலும் மெட்ராஸ்காரர் உணவு தின்ற எலிகள் கடைசியிலும் வந்தன. புழுங்கல் ஒரு நோயிலிருந்துதான் காத்தது. பாலும் காயும் பருப்பும் போதாத தட்டை அது நிறைத்துவிடவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் காலும் இதயமும். மூளை எங்கே வந்தது?

1881இல் பெர்லினில் கார்ல் வெர்னிக்கே மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். இருவர் பெருங்குடியர்கள். மூன்றாவது ஓர் இளம் தையல்காரப் பெண். கந்தக அமிலம் குடித்து இரைப்பை சுருங்கி, எதுவும் உள்ளே தங்காமல் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தவர். மூவருக்கும் கண் அசைவு கெட்டது, நடை தள்ளாடியது, மனம் குழம்பியது, மூவரும் இறந்தார்கள். சில ஆண்டுகளில் மாஸ்கோவில் செர்கேய் கோர்சகோவ் இன்னொரு கூட்டத்தை விவரித்தார். அவர்கள் சற்று முன் நடந்ததை நினைவில் வைக்க முடியாதவர்கள். இடைவெளியை இல்லாத கதைகளால் நிரப்புவார்கள், பொய் சொல்கிறோம் என்ற உணர்வே இல்லாமல். இரண்டும் ஒரே நோயின் முன்பாதியும் பின்பாதியும் என்று பிறகுதான் புரிந்தது. குடிதான் காரணம் என்றே நெடுங்காலம் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்தவற்றில் முக்கியமானது சிங்கப்பூர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. சாங்கியில் அடைபட்ட போர்க்கைதிகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் தீட்டிய வெள்ளை அரிசி. ஏறக்குறைய ஆறு வாரத்தில் சிலருக்குச் சாப்பாடு வெறுத்தது, வாந்தி வந்தது, கண் துடித்தது, நினைவு தப்பியது. மது ஒரு சொட்டும் கிடைக்காத இடம் அது. முகாம் மருத்துவமனையில் கைதியாகவே வேலை பார்த்த இளம் மருத்துவர் ஹியூ டி வார்டனர் கையிலிருந்த கொஞ்சம் தயாமினை ஊசியாகப் போட்டார். கலங்கிக் கிடந்தவர்கள் தெளிந்தார்கள். பிழைக்காதவர்களின் மூளையைப் பெர்னார்டு லென்னாக்ஸ் அறுத்துப் பார்த்துக் குறித்துவைத்தார். குறிப்புகளை ஜப்பானியர் கண்ணில் படாமல் புதைத்துவைத்து, போர் முடிந்த பின் தோண்டியெடுத்து, 1947இல் லான்செட்டில் 52 நோயாளிகளின் விவரத்தை இருவரும் வெளியிட்டார்கள். மூளைப் பெரிபெரி என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஃபிளெட்சர் எழுதிய அதே இதழ், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

அதே போரில், அதே பசியில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஜப்பானியர் அள்ளிக்கொண்டு போனார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படி ஆள் இழந்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. காலராவும் மலேரியாவும் புண்களும் பெரிபெரியும் அவர்களைக் கொன்றன. வெள்ளைக்காரக் கைதிகளோடு அவர்களுடைய இராணுவ மருத்துவர்களும் இருந்தார்கள், எழுதிவைத்தார்கள். தமிழ்த் தொழிலாளியின் முகாமில் எழுதிவைக்கப் பெரும்பாலும் ஆள் இல்லை. புழுங்கல் அரிசி கிடைக்காத அந்தக் காட்டில் மனம் குழம்பி, பேர் ஊர் மறந்து செத்த எத்தனை தமிழர்களுக்கு இந்த மூளைப் பெரிபெரி இருந்திருக்கும்? அந்த 52 பேரின் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எழுதப்படாத பட்டியல்தான் என் மனத்தில் நிற்கிறது.

தயாமின் இல்லாவிட்டால் மூளைக்கு ஏன் இப்படி ஆகிறது? மூளை சர்க்கரையை எரித்து வாழ்கிறது. எரிக்கும் வேலையில் நடுவே நிற்கும் சில நொதிகள் தயாமின் இல்லாமல் இயங்காது. 1930களில் ஆக்ஸ்ஃபோர்டில் ரூடால்ப் பீட்டர்ஸ் புறாக்களை வைத்து இதை நிறுவினார். தயாமின் குறைந்த புறாவின் மூளைத் திசு ஆக்சிஜனை மந்தமாகவே எடுத்துக்கொண்டது. குடுவையில் இருந்த அந்தத் திசுவோடு தயாமினைச் சேர்த்ததும் வேகம் கூடியது. நம் உடம்பில் மொத்த இருப்பே சுமார் 30 மில்லிகிராம்தான். சேமிப்பு சில வாரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் மூளை முழுக்க ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ், அதன் கீழே இருக்கும் மாமில்லரி மேடுகள் போன்ற சில இடங்கள்தான் முதலில் அடிவாங்குகின்றன.

தலாமஸ் என்பது பல கருக்களின், அதாவது நரம்பணுத் திரள்களின், தொகுப்பு. கண்ணிலிருந்து வரும் செய்தி ஒரு கருவுக்கு, காதிலிருந்து வருவது இன்னொன்றுக்கு, தோலிலிருந்து வருவது வேறொன்றுக்கு என்று வந்து, அங்கிருந்து மூளையின் மேலடுக்கான புறணிக்கு ஏறும். நடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் மீடியோடார்சல் கருவுக்கு அப்படி ஒரு புலன் இல்லை. அது பேசுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியோடு. திட்டமிடுவது, காத்திருப்பது, பழைய விதி மாறியதும் புதிய விதிக்கு மாறுவது எல்லாம் அந்தப் புறணியைச் சார்ந்தவை. 1971இல் அமெரிக்காவில் மாரிஸ் விக்டரும் ரேமண்ட் ஆடம்ஸும் ஜார்ஜ் காலின்ஸும் வெர்னிக்கே-கோர்சகோவ் நோயில் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார்கள். அதில் ஐந்து பேர் தனித்து நின்றார்கள். அந்த ஐவருக்கும் மாமில்லரி மேடுகள் சிதைந்திருந்தும் நிலையான நினைவிழப்பு இருக்கவில்லை. அவர்களிடம் மீடியோடார்சல் கரு தப்பியிருந்தது. நினைவு போவதற்கு அந்தக் கருவே முக்கியக் காரணம் என்று மூவரும் முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் தலாமஸின் பக்கம் எல்லாருடைய கவனத்தையும் திருப்பியது அதுதான்.

இறந்தவரின் மூளை என்ன சிதைந்தது என்று காட்டும். சிதைவதற்கு முன் எது எதோடு இணைந்திருந்தது, எந்த வரிசையில் அறுந்தது என்று காட்டாது. அதற்கு எலி வேண்டியிருந்தது.

எலிக்கு முன்மூளைப் புறணி என்று ஒன்று உண்டா என்பதே முதல் கேள்வி. அதன் மூளை முழுவதும் சேர்ந்து இரண்டு கிராம்தான் இருக்கும். மடிப்புகள் இல்லாத வழவழப்பான மேற்பரப்பு. மனிதனிடமும் குரங்கிடமும் நெற்றிப் பக்கப் புறணியை அடையாளம் காட்டும் உயிரணு அடுக்கு ஒன்று எலியிடம் இல்லை. 1948இல் ஜெர்சி ரோஸும் கிளின்டன் வுல்சியும் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். முயல், ஆடு, பூனை ஆகியவற்றை ஆராய்ந்த அவர்கள், தோற்றத்தைப் பார்க்காதீர்கள், இணைப்பைப் பாருங்கள் என்றார்கள். மீடியோடார்சல் கருவிலிருந்து கிளம்பும் நரம்பிழைகள் எந்தப் புறணியில் போய் முடிகின்றனவோ அதுதான் முன்மூளைப் புறணி.

1969இல் கிறிஸ்டியானா லெனார்ட் எலியில் அதைச் செய்தார். கருவில் சிறு காயம் ஏற்படுத்தி, அதிலிருந்து போகும் இழைகள் சிதையத் தொடங்கியதும் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி வெள்ளிச் சாயம் ஏற்றினார். சிதையும் இழைகள் கறுத்துத் தெரிந்தன. அவை இரு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்க்கும் உட்சுவரிலும், மூளையின் பக்கவாட்டில் ஓடும் ஒரு பள்ளத்தின் விளிம்பிலும் போய் முடிந்தன. அங்கிருந்து திரும்பி வரும் இழைகளையும் அவர் தொடர்ந்து பார்த்தார். ஆக எலிக்கும் முன்மூளைப் புறணி உண்டு, அது தலாமஸோடு இருவழியும் பேசுகிறது. 1977இல் கிரெட்டெக்கும் பிரைஸும் கதிரியக்க அமினோ அமிலத்தை உயிரணுக்களுக்குள் செலுத்தி, கருவின் எந்தப் பகுதி புறணியின் எந்தப் பட்டைக்கு இழை அனுப்புகிறது என்று நுணுக்கமாக வரைந்தார்கள். உள்பகுதி ஓரிடத்துக்கு, நடுப்பகுதி வேறிடத்துக்கு, வெளிப்பகுதி இன்னோரிடத்துக்கு. இரண்டு கிராம் மூளைக்குள் அத்தனை ஒழுங்கு. எலியின் இந்தப் பகுதியை மனிதனுடையதோடு எவ்வளவு தூரம் ஒப்பிடலாம் என்று 1990களில் டாட் பிரியூஸ் கடுமையாகக் கேள்வி எழுப்பினார். அந்த எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே மேலே படிக்க வேண்டும்.

வரைபடம் கிடைத்ததும் பெரிபெரி மறுபடி உள்ளே வந்தது. 1980களிலிருந்து ராபர்ட் மெயர், ஃபிலிப் லாங்லே முதலானவர்கள் எலிகளுக்குத் தயாமின் இல்லாத தீனியைக் கொடுத்து, கூடவே தயாமினின் வேலையைத் தடுக்கும் பைரிதயாமின் என்ற பொருளை ஊசியாகப் போட்டார்கள். இரண்டு வாரம் போல ஆனதும் எலி தள்ளாடும், புரட்டிப் போட்டால் நிமிர முடியாது, வலிப்பு வரும். அந்தக் கட்டத்தில் நிறையத் தயாமின் கொடுத்தால் உயிர் பிழைக்கும், ஓடியாடும், பார்வைக்கு நலமாகவே இருக்கும். ஆனால் சற்று முன் எந்தப் பக்கம் போனோம் என்பதை வைத்து அடுத்த பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் சோதனையில் தோற்கும். மூளையைப் பார்த்தால் தலாமஸின் நடுப்பகுதியிலும் மாமில்லரி மேடுகளிலும் சிதைவு இருக்கும். முன்மூளைப் புறணி பெரும்பாலும் முழுசாகவே இருந்தும், அதற்குத் துணை நின்ற தலாமஸ் பகுதி போனதும் அந்தப் புறணி செய்ய வேண்டிய வேலை தடுமாறுகிறது. கோர்சகோவ் நோயாளி திட்டமிட முடியாமல், விதி மாறியதை உணராமல், ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்வது ஏன் என்பதற்கு இங்கே ஒரு தடம் கிடைத்தது.

இந்த இணைப்பு செய்தியை வெறுமனே கடத்துகிறதா, வேறு ஏதாவது செய்கிறதா? 2017இல் மைக்கேல் ஹலாசாவின் குழு சுண்டெலிகளை வைத்து ஒரு பதில் தந்தது. சுண்டெலி ஒரு விதியைச் சற்று நேரம் மனத்தில் வைத்திருக்க வேண்டும்: இந்தச் சத்தம் கேட்டால் ஒளியைக் கவனி, அந்தச் சத்தம் கேட்டால் ஒலியைக் கவனி. எந்த விதி என்ற தகவல் புறணியின் உயிரணுக்களில் இருந்தது. தலாமஸ் உயிரணுக்களில் அந்த வேறுபாடு பெரிதாக இல்லை. ஆனால் தலாமஸை அடக்கியதும் புறணியால் விதியைப் பிடித்துவைக்க முடியவில்லை. சுருதிப்பெட்டி ராகம் பாடுவதில்லை, அது நின்றுபோனால் பாடகர் தடுமாறுவார். தலாமஸ் புறணிக்குச் செய்வதும் அதுதான்: புறணி உயிரணுக்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் இணைப்புகளுக்கு வலுவூட்டி, எண்ணம் கலையாமல் தாங்கிப்பிடிக்கிறது.

கிள்ளானுக்குத் திரும்புவோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லும் வழக்கத்தை நிறுத்துவது ஆகியவற்றோடு தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார், துருப்புகள் வந்தன, உயிர்கள் போயின. மதுவைப் பற்றி அவர்கள் மானத்தையும் குடும்பத்தையும் வைத்துப் பேசினார்கள். மருத்துவம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. மது குடலில் தயாமின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது, கல்லீரலில் சேமிப்பதைக் குறைக்கிறது, சாப்பாட்டின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. புதுக்கள்ளில் ஈஸ்ட் இருப்பதால் பி வைட்டமின் கொஞ்சமாவது உண்டு. பின்னாளில் தோட்டத்திலும் நகர்ப்புற ஏழைக் குடியிருப்பிலும் பரவிய மலிவான சம்சு சாராயத்தில் அதுவும் இல்லை. புழுங்கல் அரிசி தலைமுறைகளாகக் காத்ததைச் சம்சு ஒருவரிடமிருந்து சில ஆண்டுகளில் பறித்துவிடும்.

வெர்னிக்கே நோய் இன்றைக்கும் வருகிறது. நாட்கணக்காகச் சாப்பிடாமல் குடிப்பவர்களுக்கு வருகிறது. கர்ப்ப காலத்தில் வாரக்கணக்கில் வாந்தி நிற்காத பெண்களுக்கும், உடல் எடை குறைக்க இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் சாப்பாடு இறங்காதவர்களுக்கும் வருகிறது. கண் துடிப்பு, தள்ளாட்டம், குழப்பம் மூன்றும் சேர்ந்து வருவது குறைவு. ஒன்று மட்டும் தெரியலாம். குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்றோ மசக்கைதான் என்றோ வீட்டார் விட்டுவிடுகிறார்கள். தயாமின் தீர்ந்த உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகக்கூடும். அதனால் குளுக்கோஸுக்கு முன்போ அதோடு சேர்த்தோ தயாமின் ஊசி போடுவது மருத்துவ வழக்கம். மலிவான மருந்து அது, பெரும்பாலும் ஆபத்தில்லாதது. சில மணி நேரத்தில் கண் நேராகத் தொடங்கும். நாள் தள்ளிப்போனால் தலாமஸில் செத்த உயிரணு திரும்பாது. ஆய்வகத்து எலியைப் போல அவர் எழுந்து நடப்பார், சிரிப்பார், காலையில் பேசியது மாலையில் நினைவிருக்காது. வீட்டில் யாராவது இந்த நிலையில் இருந்தால் அவசரப் பிரிவு மருத்துவரிடம் எத்தனை நாளாகச் சாப்பாடு இல்லை, எத்தனை நாளாக வாந்தி, எவ்வளவு குடி என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். தயாமின் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.

அடுத்த இதழில் 1998, 99ஆம் ஆண்டுகள். பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளில் பரவிய மூளைக்காய்ச்சலுக்கு உண்மையான காரணம் என்று மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட நிப்பா வைரஸின் கதை.

(தொடரும்)